மலையைப் பார்த்த நடுவர்

திருவிதாங்கூர்-கொச்சி காலத்து ஓணம் விடுமுறை. பேச்சிப்பாறை அணையைப் பார்த்துவிட்டு, ஆற்றங்கரை வாலிபால் கிளப்புக்கு வந்தோம். தம்பி குளிக்கப் போனான். நான் ஆட்டம் பார்த்தேன்.

நடுவர் ஒல்லியானவர். மைதானத்தில் கோடு போட்ட சுண்ணாம்பு அவர் முழங்கால்வரை அப்பியிருந்தது. ஒவ்வொரு பாயிண்டுக்கும் பிறகு மலையைப் பார்ப்பார். பந்தைக் கவனிக்காத நடுவர் எதற்கு என்று எனக்கு எரிச்சல்.

திடீரென்று என்னிடம் கேட்டார்: “ஒங்க ஆளு ஆராவது ஆத்துல நிக்காவளா?”

“தம்பி குளிக்கான். இங்க மழ இல்லியே?”

“மலையில பெய்யுதுல்லா.”

விசில் ஊதிக்கொண்டே ஓடினார். நானும் ஓடினேன். ஆற்றின் இரைச்சலில் என் கூப்பாடு தம்பிக்குக் கேட்கவில்லை. விசில் கேட்டது. பள்ளி டீமில் ஆடிய பழக்கத்தில் திரும்பினான். எங்களைக் கண்டு கரையேறினான். அவன் நின்ற பாறையை மலையிலிருந்து வந்த செம்மண் வெள்ளம் மூடியது.

நன்றி சொல்லத் திரும்பினால், அவர் மைதானத்தில் இருந்தார்.

“பதினொண்ணு ஒம்பது. சர்வ் போடு மக்கா.”

அதன்பிறகு நானும் பந்தைப் பார்க்கவில்லை. அவரோடு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.