எட்டுப் பேரில் ஒருத்தி

பத்து வயதில் எனக்கு வந்த அந்தக் கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

மலையாளச் சீமையில், சாலைக் கடைத்தெருவை ஒட்டிய ஆரியசாலையில் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்தார்கள். வீடும் ஒன்றுதான், அங்கே பெரியப்பா சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது. நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். அந்த வருடம் ஓணம் விழாவில் விளக்கைச் சுற்றி ஆடும் திருவாதிரைக்களி நடனத்துக்கு எட்டுப் பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் நானும் ஒருத்தி. எட்டுப் பேரும் ஒரே மாதிரி குனிய வேண்டும், ஒரே மாதிரி கை தட்ட வேண்டும். மூக்குத்தியைக் கழற்றிவிடும்படி டீச்சர் சொன்னார், கழற்றினேன். இரட்டைப் பின்னலை அவிழ்த்துக் கொண்டை போட்டார்; தலையைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஜரிகைக் கரை முண்டு உடுத்தியதும், கூட ஆடும் தோழி என்னைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, இனி உன்னைத் தமிழத்தி என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்றாள். அதை ஒரு பரிசு மாதிரி வாங்கிக்கொண்டேன். இப்போது நினைத்தால் அறையலாம் போலிருக்கிறது; அவளையா என்னையா என்றுதான் தெரியவில்லை.

தெற்கே தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போராடியவர்களை மலையாள சர்க்காரின் போலீஸ் சுட்ட வருடம் அது. விழாவுக்கு முந்தின நாள் எங்கள் தெருத் தமிழ் வியாபாரிகள் கூடி, தமிழ்ப் பிள்ளைகள் யாரும் ஓணத்துக்கு மேடையேறக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். கூட்டத்துக்குத் தலைமை பெரியப்பா. அப்பாவும் கை தூக்கினார். அம்மாவுக்கு அதை என்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் காலை விளக்கைச் சுற்றி வட்டமாக நின்றுவிட்டோம். பாட்டு தொடங்கும் நேரத்தில் அப்பா வந்தார். டீச்சரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார். நான் தூணைக் கட்டிக்கொண்டேன். விரல் விரலாகப் பிரித்தெடுத்தார். எங்கள் முதுகுக்குப் பின்னால் பாட்டு தொடங்கிவிட்டது. என் இடத்தில் வேறொருத்தியை நிறுத்திவிட்டார்கள்.

சாலைக் கடைத்தெரு முழுக்க அப்பாவை மலையாளத்தில் திட்டிக்கொண்டே நடந்தேன். கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் ஒரே ஒரு தடவை நின்றார்.

"வீட்டுக்கு வந்து எவ்வளவு வேணும்னாலும் ஏசு மக்கா. இங்க வெச்சு வேண்டாம்."

இனி தமிழே பேச மாட்டேன் என்று மலையாளத்தில் சொன்னேன். சொன்னபடியே செய்தேன். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்ட அம்மாவுக்கும் மலையாளத்தில்தான் பதில். பெரியப்பா இலையிலிருந்து நிமிர்ந்தார்.

"தமிழ்ல கேட்டா சோறு போடு. இல்லேன்னா கெடக்கட்டும்."

காலை முதல் மாலை வரை கடையில் தேன் ஒழுக மலையாளம் பேசி மிளகாய் விற்கிறவர் அவர். அதைச் சொல்லியே கத்தினேன், அதுவும் மலையாளத்தில். அம்மா என் இலையை எடுத்துவிட்டாள். ராத்திரியும் சாப்பிடவில்லை. காலையில் தோசை வாசனை வந்தபோது சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். வயிறு எரிந்தது. தமிழில் ஒரு சொல் கேட்டால் போதும். அந்த ஒரு சொல்லை நான் அவ்வளவு வெறுத்தேன்.

அன்று மத்தியானம் அப்பாவும் பெரியப்பாவும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அப்பா சோற்றில் கை வைக்கவில்லை. எழுந்து என் பக்கத்தில் வந்தார்.

"மோளே, வா. சோறுண்ணாம்."

கடைக்கு வருகிறவர்களிடம் மட்டும் அவர் பேசுகிற மலையாளம். வீட்டுக்குள் அவர் அதைப் பேசி நான் கேட்டதே இல்லை.

பெரியப்பா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். மேல்துண்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாம் தடவையும் சோறு கேட்டேன், மலையாளத்தில், கொஞ்சம் உரக்கவே.

அந்த மாதமே வீட்டின் நடுவில் பலகைத் தடுப்பு வந்தது. அப்பா வேறொரு சந்தில் தனியாகச் சின்னக் கடை போட்டார். தெருவில் எந்தக் கூட்டத்துக்கும் அவரை யாரும் அழைக்கவில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கென்று ஒரு ஜன்னல் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். அவர்மேல் இருந்த கோபமும் முழுதாகத் தீர்ந்திருக்கவில்லை. மத்தியானமே கடையை அடைத்துவிட்டு வந்து, பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருந்த அவரிடம், ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.