அப்பாவுக்கு நான் சுற்றிக் காட்டிய வழி

இன்று சீவலப்பேரி பஸ்ஸில் ஏறினேன். என்னைப் பார்த்ததும் பாதி பஸ் எழுந்து இடம் கொடுத்தது.

பக்கத்து சீட்டில் பழைய டிரைவர் அண்ணாச்சி. தொண்ணூறுகளில் என்னையும் அப்பாவையும் வாடகைக் காரில் திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போனவர்.

போனது ஆஸ்பத்திரிக்கு. அப்பாவிடம் சுற்றுலா என்று சொல்லியிருந்தேன்.

அதனால் வழியெல்லாம் இறக்கிக் காட்டினேன். கன்னியாகுமரியில், அந்தப் பாறைக்கு நான் நீந்தியே போயிருக்கிறேன் என்றேன். பத்மநாபபுரம் அரண்மனையில், ராஜா நம் தாத்தாவிடம் கேட்டுத்தான் தூண் நட்டார் என்றேன். என்னைப்போல் வழிகாட்டி இந்தியாவிலேயே கிடையாது. அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அங்கிருந்து அவர் உயிரோடு திரும்பவில்லை.

இன்று அண்ணாச்சி சொன்னார்: "நீரு டீ வாங்கப் போனீருல்லா, அப்ப உம்ம அப்பா எங்கிட்ட சொன்னாரு வே. 'ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம்னு எனக்குத் தெரியும். பைய ஓட்டும். பய நல்லாப் பொய் சொல்லுதான், இன்னுங் கொஞ்சம் கேட்டுக்கிடுதேன்'னாரு."

நான் இறங்கவேண்டிய நிறுத்தம் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

என் பதிவுகளுக்கெல்லாம் தலையாட்டும் சொந்தங்களே, உங்களில் எத்தனை பேர் அப்பா மாதிரி? இப்போதே சொல்லிவிடுங்கள்.