பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன்

இதை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை, கண்ணுகளா. இட்டுக்கட்டுவதாக இருந்தால் முடிவை இன்னும் கொஞ்சம் இரக்கத்தோடு வைத்திருப்பேன். யாருக்கு நடந்ததோ அவள் வாயால் கேட்டது இது. சொல்லி முடிக்கும்வரை அவள் ஒரு தடவைகூட வாசலுக்கு முதுகைக் காட்டி உட்காரவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு படிக்கிறவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறவள். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பழைய கட்டடம் ஒன்றில் ஐந்தாவது மாடியில் வீடு. அவனுக்கு இரண்டு பைத்தியம் உண்டு. ஒன்று காடு, இன்னொன்று மகள். மகளை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "பொத்தான்" என்றுதான் கூப்பிடுவான். லிஃப்ட் பொத்தான் மாதிரி, அவள் மூக்கைத் தொட்டால் முகத்தில் விளக்கு எரிகிறதாம். கண்ணாடியைக் கழற்றினால் பாவம், ஆணியில் தொங்குகிற சட்டையைப் பார்த்து "வாங்க, உட்காருங்க" என்று சொல்லக்கூடிய பார்வை அவனுக்கு. அப்படிப்பட்டவன்தான் காட்டில் தனியாக இருக்கும் போட்டிக்குப் போகிறேன் என்று கிளம்பினான்.

அந்த மாதிரி நிகழ்ச்சிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆளரவமே இல்லாத ஏரிக்கரையில், ஆளுக்கொரு இடமாக இறக்கிவிட்டுப் படகு போய்விடும். படம் பிடிக்கக்கூட ஆள் கிடையாது. இரண்டு கேமராவைக் கொடுத்துவிடுவார்கள், தன்னைத் தானே பிடித்துக்கொள்ள வேண்டும். முடியவில்லை என்றால் வயர்லெஸ்ஸில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், படகு வந்துவிடும். திரும்பி வந்தவர்கள் அங்கே நடந்ததைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. நிகழ்ச்சி ஒளிபரப்பாக இன்னும் பல வாரம் ஆகும்.

கிளம்புகிற அன்று அவன் சொன்னான்: "தினமும் கேமராவை அணைக்கும்போது இடது காதைப் பிடிச்சு இழுப்பேன். நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம். வலது காதை இழுத்தா நிலைமை சரியில்லைன்னு அர்த்தம். உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அறிவுக்கொழுந்தே! அது டிவியில வர்றப்ப நீங்க என் பக்கத்துல உட்கார்ந்திருப்பீங்க. அப்புறம் எதுக்கு அந்தக் காது?"

"அப்படின்னா பக்கத்துல இருக்கிறவன்கிட்டயே கேட்டுக்கோ" என்றான் அவன்.

இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் திரும்பி வந்தான். பெரிதாக இளைக்கவில்லை. முகம் அதே முகம், நெற்றித் தழும்பும் அதே தழும்பு. பேச்சுத்தான் குறைந்திருந்தது. எது கேட்டாலும் "சொல்லக் கூடாது" என்றான். மகளைத் தூக்கவில்லை. "பாப்பா" என்றான். குழந்தை முகத்தில் விளக்கு எரியவில்லை.

"கண்ணாடி எங்கே?" என்று இவள் கேட்டாள்.

"உடைஞ்சிடுச்சு. இப்ப எல்லாம் நல்லாத் தெரியுது."

லிஃப்டில் ஏற மறுத்தான். வாழ்நாளெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவன், ஐந்து மாடியும் படியில் ஏறினான். மூச்சு முட்டுகிறதாம். ஆனால் ஏறி வந்து நின்றபோது அவனுக்கு மூச்சே வாங்கவில்லை...

வந்த மூன்றாவது வாரம் மகளுக்கு ஏழாவது பிறந்தநாள். கேக் வெட்டினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். அவன் மற்றவர்கள் கைகளைப் பார்த்துவிட்டு, ஒரு நொடி கழித்துத் தட்டினான்.

அண்ணனுக்கு போன் செய்து புலம்பினாள். "தனியாக் கிடந்துட்டு வந்த மனுஷன்மா. கொஞ்ச நாள் விட்டுப்பிடி" என்றார் அண்ணன். சரிதான் என்று இவளும் விட்டுப்பிடித்தாள்.

நிகழ்ச்சி ஆரம்பித்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு. இவள் வாராவாரம் அதைப் பதிவும் செய்து வைத்தாள். அவன் நாற்காலியை டிவிக்கு ஒரு கை தூரத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான். திரையில் பழைய மெக்கானிக்! கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தான். "இந்த விறகு என் மாமியார் மாதிரி, புகையும், எரியாது" என்று சொல்லித் தானே சிரித்தான். கடைசியில் இடது காதை இழுத்தான். இவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பக்கத்தில் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை அடுப்படிக்கு வந்தான். "இந்த விறகு என் மாமியார் மாதிரி" என்று சொல்லிச் சிரித்தான். அதே சிரிப்பு. அடுப்பில் விறகு இல்லை. அது காஸ் அடுப்பு.

இருந்தாலும் சிரித்தானே! அதுவே போதும் என்று இவள் சந்தோஷப்பட்டாள். கட்டிக்கொண்டவள் மனசு அப்படித்தான் கண்ணுகளா, கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது வாரம் திரையில் அவன் மகளைப் பற்றிப் பேசினான். பேசும்போது புகை தொண்டையில் அடைத்தது. "என் பொத்..." என்று இருமிவிட்டு "...தான் இப்ப தூங்கியிருப்பா" என்றான். அன்று ராத்திரி படுக்கையறை வாசலில் நின்று, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் கூப்பிட்டான்: "என் பொத்..." இருமல். "...தான்."

குழந்தை துள்ளி ஓடினாள். பாதி வழியில் நின்றாள். திரும்பி வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, டிவியில இருமின இடத்துலயே அப்பா இருமுறாரு."

மூன்றாவது வாரத்துக்குப் பிறகு, "எனக்கும் அவன் மாதிரி ஒரு கண்ணாடி வேணும்" என்றான். *அவன் மாதிரி.* இவள் கடையில் அவனுடைய பழைய சட்டத்திலேயே பவர் இல்லாத வெறும் கண்ணாடியை மாட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் புருஷனாக இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு தன் உள்ளங்கையைக்கூடப் பார்க்க முடியாது. இவன் மாட்டிக்கொண்டான். திரையில் அவன் செய்தது போலவே ஒரு விரலால் மேலே தள்ளிவிட்டுக்கொண்டான்.

"இப்பத்தான் நல்லாத் தெரியுது."

மறுபடியும் அண்ணனுக்கு போன்.

"சிரிக்கலைன்னும் அழுவே, சிரிச்சாலும் அழுவியா?" என்றார் அவர். "டிவியில மூஞ்சி வந்தா எனக்கும்தான் சிரிப்பு வரும்."

"இல்லண்ணே. டிவியில வந்ததை மட்டும்தான் பேசுறாரு. வராதது எதுவுமே தெரியலை. எனக்கு பயமா இருக்கு."

அண்ணன் கேலியை விட்டார். "வர்ற சனிக்கிழமை நான் வர்றேன். ஆறரைக்குள்ள வந்துடுவேன்."

அந்தச் சனிக்கிழமை வந்தது. வெளியே மழை பிடித்திருந்தது. ஆறு மணி. அதே நாற்காலி. அதே ஒரு கை தூரம்.

திரையில் அவள் புருஷனுக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண்ணாடியில் ஒரு பக்கம் கீறல். அவன் கேமராவைப் பார்க்கவில்லை. கேமராவுக்குப் பின்னால் எதையோ பார்த்தபடி பேசினான்.

"நான் பேசினா ஏரிக்கு அந்தப் பக்கத்துலருந்து அதே பேச்சு திரும்பி வருது. எதிரொலின்னு நினைச்சேன்." எச்சில் விழுங்கினான். "நேத்து முழுக்க நான் வாயே திறக்கலை. அப்பவும் வந்துச்சு... இப்ப பக்கத்துலருந்து வருது."

கை மெல்ல மேலே போனது.

வலது காது.

இவளுக்குத் தன்னையறியாமல் "ஐயோ" என்று வந்துவிட்டது.

அவன் திரும்பினான். டிவியை அல்ல... அவளைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு ரிமோட்டை எடுத்தான்.

பின்னால் ஓட்டினான். வலது காது.

மறுபடியும் ஓட்டினான். வலது காது.

முன் வாரங்களின் பதிவைப் போட்டான். இடது காது. இடது காது. இடது காது.

படத்தை அப்படியே நிறுத்திவிட்டு, தன் கையைத் தூக்கிக் காதைத் தொட்டுப் பார்த்தான். புதிதாக ஒன்று கண்டுபிடித்த சின்னப் பிள்ளை போல அவன் முகம் மலர்ந்தது.

"இது எதுக்கு?" என்றான்.

"தெரியலையே" என்றாள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாப்பாவை பாத்ரூம் கூட்டிட்டுப் போறேன்."

பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் வாசல் கதவைத் திறந்தாள். செருப்புப் போடவில்லை. குழந்தையை வாரிக்கொண்டு லிஃப்டுக்குள் புகுந்தாள்.

அந்தக் கட்டடத்தில் கம்பிக் கதவு வைத்த பழைய கூண்டு லிஃப்ட். படிக்கட்டு அதைச் சுற்றிச் சுற்றியே இறங்கும். கம்பி வழியே படி தெரியும்.

லிஃப்ட் இறங்கியது. மேலே கதவு திறக்கிற சத்தம்.

தப்... தப்... தப்...

நான்காவது மாடி. கம்பிக்கு அந்தப் பக்கம் இரண்டு வெறுங்கால்.

மூன்றாவது மாடி. முழங்கால் வரை தெரிந்தது.

"என் பொத்..." இருமல். "...தான்."

குழந்தை அம்மாவின் கழுத்தை இறுக்கினாள்.

இரண்டாவது மாடி. முகம்.

வாய் சிரித்தது. கண்ணாடிக்குள் கண் இமைக்கவில்லை.

முதல் மாடி. ஆளைக் காணோம்.

கீழே வந்து லிஃப்ட் நின்றது.

அவன் கதவுக்கு வெளியே நின்றிருந்தான். மூச்சு வாங்கவில்லை.

அவள் கம்பிக் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் விரல்கள் கம்பிக்குள் நுழைந்தன. அவள் விரல்கள்மேல் படிந்தன. ஏரித் தண்ணீர் போலச் சில்லென்று.

"நீ யாரு?" என்றாள்.

"நீ யாரு?" என்றது அது. அவள் குரலில்.

"அவரு எங்கே?"

அது மெதுவாகக் கையைத் தூக்கி...

இடது காதை இழுத்தது.

நல்லா இருக்கேன்.

அப்போது குழந்தை எட்டிச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். என்ன ஆனாலும் இதை அமுக்கு என்று அவள் அப்பா எப்போதோ சொல்லிக்கொடுத்த பொத்தான். கட்டடமே அதிர மணி அடித்தது. வீட்டுக் கதவுகள் திறந்தன. வாட்ச்மேன் ஓடி வந்தார். அது கையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தது.

"சார், மழையில எங்கே போறீங்க?" என்றார் வாட்ச்மேன்.

அது அவரைப் பார்த்துச் சிரித்தது.

"சார், மழையில எங்கே போறீங்க?" என்றது. அவர் குரலில், அவருடைய தெத்துப்பல் விசிலோடு.

மழைக்குள் போய்விட்டது. அப்புறம் யாரும் பார்க்கவில்லை. ஆறரைக்கு அண்ணன் வந்து சேர்ந்தபோது வாட்ச்மேன் தன் வாயைத் தானே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. காதில் கை வைத்தபடி அவள் புருஷன் திரையில் அப்படியே நின்றிருந்தான்.

அவள் அன்றே நிகழ்ச்சிக்காரர்களுக்கு போன் செய்தாள். மறுநாளும் செய்தாள். "தனிமையில இருந்தவங்களுக்கு இப்படி வர்றது சகஜம்மா, டாக்டர்கிட்டக் காட்டுங்க" என்றார்கள். அவரை வீட்டில் சேர்த்தாகிவிட்டது, கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. அதற்குமேல் என்ன? அவள் விடவில்லை. அழுது, சண்டை போட்டு, அண்ணனைக் கூட்டிக்கொண்டு அலுவலக வாசலிலேயே போய் உட்கார்ந்தாள். கடைசியில் வேறு வழியில்லாமல் அந்த ஏரிக்கு ஆள் அனுப்பினார்கள்.

குடிசை இருந்தது. ஆள் இல்லை. பாறை இடுக்கில், தார்ப்பாயில் சுற்றி ஒரு கேமரா கிடந்தது. இரண்டாவது கேமரா. அதில் இருந்ததை அவளுக்குப் போட்டுக் காட்டினார்கள்.

அவள் புருஷன். உடைந்த கண்ணாடி. எலும்பும் தோலுமாக.

"பொத்தான்... மரத்துல கோடு போட்டு நாள் எண்ணிட்டு வர்றேன். கணக்கு சரின்னா இன்னைக்கு உனக்கு ஏழு வயசு." சிரிக்கப் பார்த்தான். "அப்பா வரலைன்னு கோவிச்சுக்காதே. படகு வந்துச்சும்மா. நான் கூப்பிடலை. வயர்லெஸ்ஸைக் காணோம், அதுதான் கூப்பிட்டிருக்கு. நான் கரைக்கு ஓடி வர்றதுக்குள்ள அது ஏறிடுச்சு. மரங்களுக்குள்ள ஓடி வரும்போதே கத்தினேன். 'நான் இங்கே இருக்கேன், நான் இங்கே இருக்கேன்'னு கத்தினேன். படகோட்டி திரும்பிக்கூடப் பார்த்தாரு. அப்புறம்... போயிட்டாங்க."

வலது காதை இழுத்தான். படம் நின்றது.

அன்றைக்குத்தான் வீட்டில் கேக் வெட்டினார்கள். அவன் ஒரு நொடி கழித்துக் கை தட்டினான்.

அவனை எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அவள் படகோட்டியைத் தேடிப் பிடித்தாள். வயசாளி, நல்ல மனுஷர். அவள் கேட்டதும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"ஆமாம்மா, கேட்டுச்சு. அவரு குரல் மாதிரியே கரையிலருந்து ஒரு சத்தம். படகைத் திருப்பக்கூடப் போனேன்."

"ஏன் திருப்பலை?"

"எதிர்ல உட்கார்ந்திருந்தவர்தான் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு..."

அவர் தண்ணீர்ப் பக்கம் திரும்பினார்.

"'அது எதிரொலி, நீங்க போங்க'ன்னு."