கொம்பரின் மாதிரி வாக்கியம்

கணினிக்குத் தமிழ் தெரியும் என்பவர்களிடம் 'கொ' எழுதிக் காட்டச் சொல்லுங்கள். பஸ் நிலையத்தில் மாட்டியிருக்கும் மின்பலகையின் ஓரத்துக்கு வந்ததும் கொம்பு இந்த வரியிலேயே நின்றுவிடும், எழுத்தும் காலும் அடுத்த வரிக்குக் குதித்துவிடும். தனியாக நிற்கும் கொம்புக்குப் பக்கத்தில் கணினி ஒரு புள்ளி வட்டம் வரைந்து வைக்கும், வராத விருந்தாளிக்குப் போட்ட நாற்காலி மாதிரி.

அந்த வட்டத்தை ஒழிப்பதற்கென்றே பிறந்தவர் ஒருவர் மின்பலகை செய்யும் கம்பெனியில் இருக்கிறார். ஆபீஸில் அவருக்குக் கொம்பர் என்று பெயர். தலையில் கொம்பு முளைத்தவரா என்று கேட்காதீர்கள், முடியே ஒழுங்காக முளைக்கவில்லை.

அவர் மனைவிக்குக் கழுத்து நீளம். கல்யாணமான புதிதில் கொக்கு என்று கூப்பிட்டார். அவளும் கொத்துகிற மாதிரிதான் பதில் சொல்வாள். பிறகு எல்லா வீட்டிலும் நடப்பதுபோல அந்தப் பெயர் 'இங்க பாரு' என்று ஆகி, அதுவும் தேய்ந்து 'ம்' என்று நின்றது.

வயிற்றில் கட்டியாக இருக்கலாம் என்று டாக்டர் பரிசோதனைக்கு வரச்சொன்ன காலையில், அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"வர்றீங்களா?"

"இதோ, ஒரே ஒரு எழுத்து. கொம்பு ஒட்ட மாட்டேங்குது."

"ஒட்டட்டும்" என்றாள்.

தனியாகவே போனாள். பயப்பட வேண்டிய கட்டி இல்லை, அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்றார்கள். அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் கொம்பு ஒட்டியது.

போன் போட்டு வா என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கைதான் வந்தது. எழுத்தை உடைக்காமல் வரியை மடிக்கும் அந்த நிரலை, யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் நிரலில் பொருத்திக்கொள்ளும்படி ஒரு மாட்யூலாகக் கட்டினார். அதை எங்கே போடுவது? பக்கத்து மேசையில், குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்கும் டெஸ்டர் பெண்ணைக் கேட்டார்.

"உங்க சொந்தப் பக்கத்துல போட்டா நீங்க ஒருத்தர்தான் பாப்பீங்கண்ணே, அதுவும் கண்ணாடி போட்டிருந்தா. மெயில்ல அனுப்பினா கேட்டவனுக்கு மட்டும்தான் போகும். நிரலெல்லாம் சேத்து வைக்கிற பொதுக் களஞ்சியத்துல போடுங்க. எவன் எங்கேருந்து ஒரு வரி தட்டினாலும் இறங்கிடும்."

"அப்புறம் எடுக்கணும்னா?"

"எடுக்க விட மாட்டாங்க. உங்க செங்கல்லை நம்பி நாலு பேர் வீடு கட்டியிருப்பாங்க, உருவ முடியுமா? புதுசு போடலாம், பழசும் அங்கேயே கிடக்கும். ஏன், இப்பவே உதறுதா?"

"இல்லம்மா. அப்படித்தான் வேணும்."

எடுப்பவர்கள் ஓட்டிப் பார்க்க, மாட்யூலோடு ஒரு மாதிரி வாக்கியம் வைப்பது வழக்கம். கொம்பும் காலும் சேர்ந்த எழுத்துகள் அதில் நிறைய வர வேண்டும். கொம்பர் யோசிக்காமல் தட்டினார்: "கொக்கு, கோபம் போதும். வீட்டுக்குப் போகலாம்."

"செம டெஸ்ட் கேஸ்ணே" என்றாள் டெஸ்டர். குறை எதுவும் அவள் கண்ணில் படவில்லை.

மாதிரியை மாற்றிக்கொள்ளவும் என்று எழுதி வைத்தால் மாற்றாமல் விடுவது நிரல்காரர்களின் குலதர்மம். பஸ் வராத நேரங்களில் பஸ் நிலையத்துப் பலகை கொக்கை வீட்டுக்குக் கூப்பிட்டது. வங்கியில், கடன் கேட்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் கோபம் போதும் என்றது. கடைசியில் அவள் காட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியிலும் புதுப் பலகை மாட்டினார்கள். டோக்கன் எண் ஓடாதபோது பலகை சும்மா இருக்கக் கூடாதாம்.

அவளே போன் செய்தாள். போனதற்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

"ஆஸ்பத்திரி போர்டுல வருதே, அது நீங்கதானே?"

"ம்."

"பக்கத்துல இருந்த அம்மா சொல்றாங்க, 'இவ்வளவு கெஞ்சுறான், போயேன்டி'ன்னு. போர்டப் பாத்து. நானும் சேந்து சிரிச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "சொல்லுங்க."

வாழ்க்கையில் ஒருவனுக்கு இப்படி ஒரு கதவு ஒருமுறைதான் திறக்கும். கொம்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"கொம்பும் காலும் பிரியாம வருதா?"



"வருது. எழுத்தெல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு. போர்டுலேருந்து அதை எடுத்துடுங்க" என்று வைத்துவிட்டாள்.

கொம்பர் களஞ்சியத்துக்கு எழுதிக் கேட்டார். பலர் நம்பியிருப்பதால் நீக்க இயலாது என்று மிக மரியாதையாகப் பதில் வந்தது. மாதிரியை மாற்றிப் புது வெர்ஷன் போட்டார். ஆஸ்பத்திரிப் பலகை பழசிலேயே ஓடியது. நேரில் போனார்.

"ஓடிக்கிட்டிருக்கிறதை எதுக்கு சார் தொடணும்?" என்றார் கவுன்ட்டர்காரர். "ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு."

வெளியே வந்து அவள் அக்காவுக்குப் போன் போட்டார். "அவ இப்ப அந்த ஆஸ்பத்திரிக்குப் போறதில்ல மாப்பிள்ள. வேற இடம் பாத்துக்கிட்டா. அங்க உக்கார முடியலயாம்."

அவர் திரும்ப உள்ளே போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். பலகையில் எண்கள் நின்று, வாக்கியம் வந்தது. ஒரு கொம்புகூட விலகவில்லை, எங்கும் புள்ளி வட்டம் இல்லை. அவர் உதடுகள் அதைக் கூடவே சொல்லின. திரும்பத் திரும்பச் சொல்லி, கடைசியில் சத்தமாகவே வந்துவிட்டது.

பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். "உங்களைக் கூப்பிட்டாங்களா?"

"இல்லங்க" என்றார் கொம்பர். "நான்தான் கூப்பிட்டிருக்கேன்."