ஆற்றைப் பார்த்து நின்ற பழைய ஏசி

இன்று காலை எங்கள் வீட்டு ஏசியைத் திருத்த வந்த தம்பி, மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்க்கும் முன்னரே, "காஸ் போட வேணும் போல அண்ணன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தொழிலில் அது வணக்கம் சொல்வது மாதிரி. வீட்டுக்குள் நுழைந்ததும் சொல்லியாக வேண்டும். ஆனால் மூடி திறந்ததும் ஒரு வாடை வந்தது பாருங்கள், ஈரத் தூசியும் உப்பும் கலந்த வாடை. சிரிப்பு அதோடு நின்றுவிட்டது. பனிச்சங்கேணியில் ஒரு வீட்டின் பின்சுவர் கண்ணுக்குள் வந்து நின்றது.

நானும் ஒரு காலத்தில் ஏசி திருத்தியவன்தான். இப்போது ஏணியைக் கண்டாலே முதுகு முனகுகிறது, விட்டுவிட்டேன். நீங்களும் வீட்டில் ஏசி வைத்திருப்பவர் என்றால், சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், பயமுறுத்துவது பிறகு. காஸ் என்பது ஏசிக்குள் சுற்றும் குளிர்வாயு; விளக்கில் ஊற்றும் எண்ணெய் இல்லை, எரிந்து குறைய. குறைந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் வருஷா வருஷம் காஸ் போடுகிறவரை நம்பாதீர்கள். வந்து பார்க்க மட்டும் எவ்வளவு என்று போனிலேயே கேட்டுவிடுங்கள், வாசலில் நின்று முகம் சுளிப்பதை விட அது நல்லது. கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். கடலோடு கலக்கும் எங்கள் ஆற்றோரம் வீடு என்றால் வெளியில் நிற்கும் பெட்டியைத் தண்ணீர்ப் பக்கம் வைக்காதீர்கள், உப்புக் காற்று செப்புக் குழாயைத் தின்றுவிடும். கடைசியாக, திருத்துகிற செலவு புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால், பழையதைக் கைவிடுங்கள். அரைவிலைக் கணக்கு என்போம். அதற்குள் அடங்காத ஒரு வீட்டை மட்டும்தான் நான் கண்டேன்.

என்னோடு வேலை செய்தவன் காத்தான்குடி ரிஸ்வான். மெஷினுக்கு என்ன வருத்தம் என்று பார்க்க அவனுக்கு ஒரு வழி இருந்தது. நீளமான ஸ்குரூ ட்ரைவரின் நுனியை, வெளிப்பெட்டிக்குள் காஸை அமுக்கி ஓட்டும் கொம்பிரசரில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பான். எங்கள் ஊரில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நிலவு நாளில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீரில் விட்டு, மறு நுனியில் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்டவர்கள்தானே நாம். "இதுக்குள்ளயும் ஒண்டு கிடந்து பாடும் மச்சான்" என்பான் ரிஸ்வான். சிரித்தபடி பகிடியாகத்தான் சொல்வான்.

பனிச்சங்கேணி வீடு சின்னப்பிள்ளை மாமியுடையது. மகள் சுதா வெளிநாடு போய் டோகாவில் உழைத்துக் கட்டிய வீடு. மாமியின் புருஷன் ஆற்றில் வலை போடுகிறவர். ஒரு நாள் விடியப் போனார், தோணி மட்டும் திரும்பி வந்தது. உடலும் கிடைக்கவில்லை, செய்தியும் கிடைக்கவில்லை. அம்மா தனியே வெக்கையில் கிடக்கக் கூடாது என்று சுதா சுவரில் ஏசி வாங்கிப் பூட்டிக் கொடுத்திருந்தாள். பூட்டியவர்கள் வெளிப்பெட்டியை ஆற்றைப் பார்க்கவே பூட்டியிருந்தார்கள்.

நாங்கள் போனபோது குழாய் பச்சை பிடித்து அரித்திருந்தது. கொம்பிரசரும் முடிகிற நிலை. திருத்துகிற செலவு அரைவிலையைத் தாண்டிவிட்டது. போனில் சுதாவிடம் சொன்னோம். "புதுசு போடுங்க அண்ணா. போன வருஷமும் காஸ் எண்டு காசு அனுப்பினன், அதுக்கு முதலும் அனுப்பினன். இனி ஏலாது" என்றாள். அவள் சொன்னதில் பிழையே இல்லை.

போனை வைத்ததும் மாமி கிட்ட வந்தார். "அப்ப இந்தச் சத்தம் நிண்டுருமா மனே?"

சத்தத்தைப் பற்றிக் குறை சொல்லாத வீடு கிடையாது. ரிஸ்வான் பெருமையாகச் சொன்னான்: "புது மெஷின்ல ஒரு சத்தமும் வராது மாமி."

மாமியின் முகம் செத்துப்போயிற்று. பிறகு மெல்லிய குரலில் சொன்னார். புருஷன் வலை இழுக்கும்போது வாய் திறக்காமல் முனகுவாராம். அவர் போன பிறகு மாமி ஜன்னலைத் திறந்து வைத்து ஆற்றைக் கேட்டுக் கேட்டு இருந்தாராம், ஒன்றும் வரவில்லை. ஏசிக்காக ஜன்னலை அடைத்த பிறகுதான், சுவருக்கு அந்தப் பக்கம் அவர் முனகத் தொடங்கினாராம்.

"சுதாக்குச் சொல்லிராதீங்க. அம்மாக்கு விசர் புடிச்சிட்டு எண்டுருவாள்" என்றார். பிறகு, "புதுசப் பூட்டுங்க. பழசு நிண்ட இடத்தில நிக்கட்டும்" என்றார்.

பழையதைக் கொடுத்தால் கடைக்காரர் புதியதில் விலை குறைப்பார். மாமிக்கு அது வேண்டாம். புதியதை மற்றச் சுவரில் பூட்டினோம். பழைய வெளிப்பெட்டியில் மிச்சமிருந்த காஸை எடுத்தோம், வயரைக் கழற்றினோம், குழாயை வெட்டி வாயை நசுக்கினோம். பூச்சி புகுந்துவிடும் என்று ரிஸ்வான் அதை உலோகம் உருக்கிப் பற்றவைத்தும் அடைத்தான். உயிரில்லாத இரும்புப் பெட்டி, ஆற்றைப் பார்த்தபடி நின்றது.

சில மாதம் கழித்துப் புதிய மெஷினின் சேர்விசுக்குப் போனோம். நல்ல உச்சி வெயில். காற்று என்று பெயருக்கும் இல்லை, ஆறு அசையாமல் கிடந்தது. மாமி தேத்தண்ணி தந்துவிட்டு, "அதையும் ஒருக்காக் கேட்டுப் பாருங்க மனே" என்றார். அவர் மனம் நோகக் கூடாதே என்று ரிஸ்வான் பழைய பெட்டியின் கொம்பிரசரில் ஸ்குரூ ட்ரைவரை ஊன்றிக் காதை வைத்தான். சிரித்துக்கொண்டுதான் வைத்தான். சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. எழும்பி, ஸ்குரூ ட்ரைவரை என் கையில் தந்தான்.

முதலில் என் இரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. பிறகு அதற்குக் கீழே, தூரத்தில், ஒரு முனகல். எத்தனையோ கொம்பிரசரைக் கேட்டவன் நான். மெஷின் முனகினால் ஒரே இழுவையாக முனகும், நடுவில் நிறுத்தாது. இது நின்றது. மூச்சு எடுக்கிற அளவு நேரம் நின்று, மறுபடி தொடங்கியது. நான் வயர் இருந்த இடத்தைப் பார்த்தேன், வெறுமை. குழாயின் வாயைத் தடவிப் பார்த்தேன், நாங்கள் அடைத்தது அடைத்தபடியே இருந்தது.

மாமி பின்வாசலில் நின்றார். "கேக்குதா?"

"கேக்குது மாமி" என்றான் ரிஸ்வான்.

"வெயில் ஏறினாச் சோர்ந்துருவாரு. விடியக்குள்ள நல்லாக் கேக்கும்" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டினோம். பிறகு ரிஸ்வான் கேட்டான். "குழாய நாமதானே அடைச்சம்?"

"ஓம்."

"அப்ப அவரு காத்துக்கு என்ன செய்றாரு?"

அதற்குப் பிறகு அந்த வீட்டு வேலை வந்தால் நாங்கள் வேறு ஆட்களை அனுப்பினோம். ரிஸ்வான் சவுதிக்குப் போனான், போகும்போது அந்த ஸ்குரூ ட்ரைவரை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். தனக்கு அது வேண்டாம் என்றான்.

போன மாரி மழைக்குள் மாமி காலமானார். சில நாள் கழித்துச் சுதா டோகாவிலிருந்து வந்து எனக்குப் போன் எடுத்தாள். "அண்ணா, அந்தப் பழைய மெஷின் எங்க போயிரிக்கும்?"

தான் வருவதற்குள் வீட்டைத் துப்புரவாக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டாரிடம் அவள்தான் சொல்லியிருந்தாள். உதவாத சாமான் எல்லாவற்றையும் பழைய இரும்பு லொறிக்குக் கொடுக்கச் சொன்னதும் அவள்தான்.

"அப்பாவ மழையில விட்டுராத எண்டு அம்மா கடைசியாப் போனில சொன்னவ அண்ணா. மூளை தடுமாறிப் பேசுறா எண்டு நினைச்சன். இஞ்ச வந்து பாத்தா, பின்சுவரில அது நிண்ட இடத்துக்கு மேல தகரத்தில ஒரு சின்னக் கூரை போட்டு வச்சிரிக்கா." சொல்லிவிட்டு அழுதாள். யாராவது எங்கேயாவது வைத்திருப்பார்கள், விசாரிக்கிறேன் என்றேன். பழைய இரும்புக்காரர் செப்புக் கம்பிக்காகக் கொம்பிரசரை என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். நெருப்பால் வட்டமாக வெட்டி, முட்டை உடைப்பதுபோல் திறப்பார்.

அன்றே ரிஸ்வானுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவன் சொன்னான்: "வெட்டினாங்க எண்டா, உள்ளுக்குக் காத்துப் போயிரிக்கும் மச்சான், அவருக்கு."

இன்று வந்த தம்பி ஓட்டையைத் தேடிப் பிடித்து அடைத்துவிட்டுத்தான் காஸ் போட்டார், நல்ல பிள்ளை. அவர் போன பிறகு அலுமாரியிலிருந்து ஸ்குரூ ட்ரைவரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். ஊன்றிக் காதை வைத்துக் கன நேரம் குந்தியிருந்தேன். என் வீட்டு மெஷின் ஒரே இழுவையாக, மூச்செடுக்காமல் ஓடிக்கொண்டிருந்தது.