பூசைக்கு நிறுத்திய சேர்வர்கள்

நெல்லியடியில் நான் வேலை செய்யும் விதை, உரக் கம்பனியின் கிளையில் இரண்டு சேர்வர் கணினிகள் இருக்கின்றன. கடையில் முழுதாக வாங்கியவை அல்ல. எங்கள் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பான அக்கா மதர்போட், மெமரி, விசிறி என்று ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துத் தன் கையாலேயே பூட்டியவை. தலைமை அலுவலகத்தின் விலை கூடிய சேர்வர்கள் அடிக்கடி படுத்துவிடும். இவை படுத்து நான் பார்த்ததில்லை. அந்தப் பெருமை அக்காவுக்கு நிறைய உண்டு, அதை ஒளிக்கவும் மாட்டார்.

போன வருடம் கொழும்பிலிருந்து ஓர் அறிவித்தல் வந்தது. எல்லாக் கிளைகளிலும் உள்ள கணினிகளைத் தானாகத் தேடிக் கண்டுபிடிக்கும் மென்பொருள் ஒன்றை ஓடவிடப் போகிறார்களாம். ஒவ்வொரு இயந்திரத்திடமும் உன்னைச் செய்தது யார், உனக்குள்ளே என்ன இருக்கிறது என்று அது கேட்கும். ஒழுங்கான பதில் சொல்லாத சேர்வர்களை மூடிவிட்டு வேலையைக் கொழும்புக்கு எடுப்பார்கள். வேலையோடு அக்காவுக்கும் மாற்றம். அவருடைய கணவர் பருத்தித்துறையில் கடல் தொழில் செய்பவர். மகள்மார் இரண்டு பேரும் இங்கேதான் படிக்கிறார்கள்.

“நான் கொழும்புக்குப் போனா அவர் என்ன, காலிமுகத்திடல் கடலிலையே வலை போடுறது?” என்று அக்கா சிரித்தார். குரல் சிரிக்கவில்லை.

முதல் பரீட்சார்த்த ஓட்டத்தில் எங்கள் சேர்வர்கள் ஊமைபோல நின்றன. தயாரிப்பாளர் பெயர் வரவேண்டிய இடத்தில், ‘தயாரிப்பாளர் நிரப்ப வேண்டும்’ என்று ஓர் ஆங்கில வரி. அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய கம்பனிப் பெட்டி என்றால் கூரைத் தகடு மாதிரிச் சும்மா கிடந்தாலும் மரியாதை, எங்களுடையதற்கு இல்லையா என்று கத்தினேன்.

அக்கா கத்தவில்லை. அந்த மென்பொருளில் எங்களுக்கு வேண்டிய கேள்விகளையும் சேர்க்க இடம் இருப்பதைத் தோண்டிக் கண்டுபிடித்தார். பிறகு சின்ன நிரல் ஒன்று எழுதினார். மின்வழங்கியின் இலக்கம், ஹார்ட் டிஸ்க் இன்னும் எவ்வளவு காலம் தாங்கும், உள்ளே என்ன சூடு, எந்த விசிறி களைத்துப்போய்ச் சுற்றுகிறது என்று அது ஒவ்வொன்றையும் விசாரித்து வந்து சொன்னது. வைத்தியருக்குக்கூட இவ்வளவு பொறுமை இருக்காது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

இறுதி ஓட்டத்துக்குக் கொழும்பு குறித்த நாள் ஆயுத பூசை. எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. வருடம் முழுக்க உழைத்த கருவிகளுக்கு அன்று ஓய்வு கொடுப்பது எங்கள் வழக்கம். பூசைக்கு வைத்ததை அடுத்த நாள்தான் தொடுவோம். அக்காவே சேர்வர்களை நிறுத்தி, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தார். நாங்கள் அவலும் கடலையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கொழும்பு அதிகாரி. அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

“மிஸ், உங்க கிளையில சேர்வரே இல்லன்னு காட்டுதே? பின்னேரம் அறிக்கை மேலே போகுது.”

அக்காவின் முகம் வெளிறிப்போனது. கிளை முகாமையாளர் சரஸ்வதி படத்தைப் பார்த்தார்.

“பூசைக்கு வைச்சதை எப்பிடிப் பிள்ளை...” என்று இழுத்தார்.

“சரஸ்வதி கோவிக்க மாட்டா, சேர். கொழும்புதான் கோவிக்கும்,” என்றார் அக்கா. தொட்டுக் கும்பிட்டுவிட்டு இரண்டின் சுவிச்சையும் போட்டார்.

அதிகாரி மென்பொருளை மறுபடி ஓடவிட்டார்.

“மிஸ், இவ்வளவு விபரம் வேற எந்தக் கிளையிலயும் வரலயே. தயாரிப்பாளர்னு யாரப் போடுறது?”

அக்கா தன் முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னார்.

“சரி, சேர்வர் ரெண்டும் அங்கேயே இருக்கட்டும்,” என்றார் அதிகாரி. அக்கா நிம்மதியோடு கதிரையில் உட்கார்ந்தார். நாங்கள் கைதட்டப் போன நேரம் அதிகாரி தொடர்ந்தார். “ஆனா இந்த வேலை எல்லாக் கிளைக்கும் வேணும், மிஸ். மேலே கதைச்சுப் பதவி உயர்வு எடுத்துத் தாறேன். நீங்க கொழும்புக்கு வந்திடுங்க.”

போகாமல் இருப்பதற்காகச் செய்த வேலையே அவரைக் கூப்பிட்டது.

“நிரலை இப்பவே அனுப்பிவிடுறன், சேர்,” என்றார் அக்கா. “அது வரும். நான் வரமாட்டன்.”