விளக்கு மட்டும் எரிந்த கருவி

குழந்தை பிறந்து வேலைக்குத் திரும்பியதும் எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு, திருச்சியில் ஒரு மருத்துவமனை. வெளியாள் யாராவது அவர்களுடைய வைஃபைக்குள் நுழைய முடியுமா என்று, அவர்கள் அனுமதியோடு சோதிக்க வேண்டும். சோதனைக்கு முந்தின நாள் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில், தீப்பெட்டி அளவுள்ள சோதனைக் கருவியை, கையில் கிடைத்த கேபிளால் லேப்டாப்பில் இணைத்தேன். கருவியில் விளக்கு எரிந்தது. ஆனால் லேப்டாப்பில் அது தெரியவே இல்லை.

மென்பொருளைப் புதிதாக ஏற்றியும் பலனில்லை. நிலைமை கேட்கக் கூப்பிட்ட மேலதிகாரி போனில், "கைக்குழந்தையை வச்சுக்கிட்டு சிரமப்படாதீங்க மேடம், வேற ஆளை அனுப்பிடலாம்" என்றார்.

"வேண்டாம் சார், நானே போறேன்" என்றேன். எரிச்சலாக இருந்தது.

ஒரு கையால் தூளியை ஆட்டியபடி, கணவரின் லேப்டாப்பில் இணைத்துப் பார்த்தேன். அங்கும் அதே கதை. அப்படியானால் கோளாறு லேப்டாப்பில் இல்லை. மிஞ்சியவை கருவியும் கேபிளும்தான். கேபிளை உற்றுப் பார்த்தபோது சிரிப்பு வந்துவிட்டது. தாய்ப்பால் எடுக்கும் மெஷினோடு வந்த கேபிள் அது. சார்ஜ் மட்டும்தான் ஏறும், தகவல் போகாது. போன் கேபிளை மாட்டியதும் திரையில் கருவியின் பெயர் வந்தது.

மறுநாள் மருத்துவமனை வரவேற்பறையில் உட்கார்ந்தபடியே அவர்களுடைய வைஃபைக்குள் நுழைந்து காட்டினேன். வெளியே வந்ததும், வேலை முடிந்தது என்று சொல்ல மேலதிகாரிக்கு நானே போன் செய்தேன்.